எபாக்ஸியை ஊத்தி மூடாதீங்க சாமிகளா!

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லிட்டுப் போகலாம். உண்மைக் காரணம் வேற. நான் பண்ணின கத்தியால எங்க அம்மாவோட ஆள்காட்டி விரல்ல மூணு தையல். அதுக்கப்புறம் கத்தியைப் பத்தி எழுதவே கை வரலை. இப்ப எழுதறேன், கொஞ்சம் கோபமாவே எழுதறேன். முதல் அடி எனக்குத்தான். அதனால யாரும் உள்குத்து தேடிக் கஷ்டப்பட வேண்டாம்.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு வரி: வாரத்துல அஞ்சு நாள் பொட்டி தட்டுற வேலை, சனி ஞாயிறு மொட்டைமாடி ஷெட்ல கத்தி பண்ற வேலை. கத்தின்னதும் பயந்துடாதீங்க, வெங்காயம் நறுக்குற கத்திதான்.

பொங்கலப்போ ஒரு கத்தி படம் போட்டேனே, ஞாபகம் இருக்கா? ஈட்டி மரத்துல பிடி. முதுகுல ஆரம்பிச்சு பிடியைச் சுத்தி ஒரு முழுச் சுற்று கொடி மாதிரி அராவின வேலைப்பாடு. அந்தப் பள்ளத்துல எல்லாம் கறுப்புச் சாயம் கலந்த எபாக்ஸி. அதுக்கு மேல மொத்தப் பிடிக்கும் கண்ணாடி மாதிரி எபாக்ஸி பூச்சு. நீங்களும் பின்னூட்டத்துல அள்ளி விட்டீங்க. “முகம் பாக்கலாம் போல இருக்கே”, “கடை போடலாம் தலை”ன்னு. நானும் ரெண்டு நாள் தரையில நடக்கலை. அதே கத்தியைத்தான் அம்மாவுக்குக் கொடுத்தேன்.

எட்டு மாசம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை, சேனைக்கிழங்கு. நடுவுல கத்தி சிக்கிக்கிச்சு. அம்மா அழுத்தினாங்க. ஒரு பக்கத்து மரப்பட்டை ‘டப்’புனு கழண்டு வந்துடுச்சு, கை முன்னாடி வழுக்கி நேரா பிளேடு மேல. ஆஸ்பத்திரியில தையல் போடும்போது அம்மா டாக்டர்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? “பையன் பண்ணின கத்தி சார், நல்ல கத்திதான், நாந்தான் தப்பா அழுத்திட்டேன்.”

அந்த வாக்கியம் தையலை விட அதிகமா வலிச்சுது.

வீட்டுக்கு வந்து அந்தப் பிடியைப் பிரிச்சுப் பார்த்தேன். உள்ள பார்த்ததைத்தான் இந்தப் பதிவுல சொல்லப்போறேன். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் காலேஜ் பக்கம் போயிட்டு வந்துடலாம்.

முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப் போனவங்களுக்கு இது புரியும். ரெண்டு இரும்புத் தகடு, ஒரு தட்டை அரம், ஒரு ஹாக்ஸா. ஒரு தகட்டுல ‘வி’ மாதிரி வெட்டணும், இன்னொண்ணை அதுக்குள்ள உட்கார்ற மாதிரி அராவணும். எங்க இன்ஸ்ட்ரக்டர் அளவெல்லாம் பார்க்க மாட்டார். ரெண்டையும் சேர்த்து ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பிடிப்பார். நடுவுல கோடு மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா ஒரே வார்த்தை: “போய் அராவு.” எங்க பெஞ்ச்ல ஒரு மகாபுத்திசாலி வழி கண்டுபிடிச்சான். கிரீஸ்ல அரப்பொடியைக் குழைச்சு இடுக்குல அப்பிட்டான். வெளிச்சம் போயே போச்சு! இன்ஸ்ட்ரக்டர் ஒண்ணும் சொல்லலை. வேஸ்ட் துணியை எடுத்து ஒரு துடை, திரும்ப ஜன்னல். “போய் அராவு.”

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கைவேலைக் கத்தி உலகத்துல இன்னிக்கு எபாக்ஸியை வச்சு நாம பண்றது பெரும்பாலும் அந்த கிரீஸ் வேலைதான். ஒரே வித்தியாசம், இது துடைச்சா போகாது. போகாததுனாலதான் ஆபத்தே.

முதல்ல இன்னொரு கோஷ்டிக்குப் பதில் சொல்லிடறேன், இல்லேன்னா அவங்க வந்து கும்மிடுவாங்க. “கத்தி வெட்டினா போதாதா, எதுக்குய்யா அதுக்குப் பூவேலை”ன்னு கேட்கிற கோஷ்டி. எனக்கு அவங்களோட உடன்பாடு கிடையாது. அர வேலைப்பாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காரணம் இருக்கு. இந்த வேலை இரும்பு மெதுவா இருக்கும்போது, சூடேத்தி எண்ணெயில முக்கிக் கடினமாக்கறதுக்கு முன்னாடி பண்றது. முதுகுல நீல மை பூசி, டிவைடர் வச்சு சமமாக் கோடு போடணும். மரம் அறுக்குற சங்கிலி ரம்பத்தைத் தீட்ட ஒரு உருண்டை அரம் வருமே, 4 மி.மீ. விட்டத்துல, அதை வச்சு இந்த ஓரத்துல ஒண்ணு, அந்த ஓரத்துல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி 45 டிகிரி சாய்வுல பள்ளம் போடணும். நடுவுல மிச்சம் நிக்கிற இரும்புதான் நெளிஞ்சு போற கொடி. அப்புறம் ஊசி அரத்தால பக்கத்துல சின்னச் சின்னதா வெட்டினா இலை, முள்ளு. கடைசியா உப்புத்தாளைக் குச்சியில சுத்தி ஒவ்வொரு பள்ளமாத் தேய்க்கணும். நாலு இன்ச் நீளத்துக்கு எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு.

இதுல கன்ட்ரோல் இசட் கிடையாது. பத்தொன்பது பள்ளம் சரியா வந்து இருபதாவது அரை மி.மீ. ஆழமாப் போயிட்டா, மொத்த முதுகையும் அராவிக் கீழ இறக்கணும், இல்லேன்னா அந்தத் தப்போட வாழணும். பள்ளத்தோட அடி உருண்டையா இருக்கணும். ‘வி’ மாதிரி கூரா விட்டா, எண்ணெயில முக்கும்போது விரிசல் அங்கதான் பிறக்கும். அதனால ஒரு கத்தியோட முதுகைப் பார்த்தே பண்ணினவன் எவ்வளவு பொறுமைசாலி, இரும்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சவன்னு ஓரளவு சொல்லிடலாம்.

பிரான்ஸ்ல அவேரோன் பகுதியில லாகியோல்னு ஒரு ஊர். உள்ளூர்க்காரங்க ‘லாயோல்’ங்கிறாங்க. 19-ஆம் நூற்றாண்டுல இருந்து மடக்குக் கத்திக்குப் பேர் போன ஊர். தேனீ உருவம் வச்ச கத்தியைப் படத்துலயாவது பார்த்திருப்பீங்க. நல்ல லாயோல் கத்தியில அர வேலைப்பாடு எங்க இருக்கு தெரியுமா? முதுகுல இருக்கிற ஸ்பிரிங் மேல. கத்தியைத் திறந்த நிலையிலயும் மூடின நிலையிலயும் பிடிச்சு நிறுத்துற அதே ஸ்பிரிங். அதாவது வேலை செய்யற உறுப்பு மேலயே அலங்காரம். மேல எந்தப் பூச்சும் இல்லை, பள்ளத்துல எந்த நிரப்பலும் இல்லை. அரம் போன தடம் அப்படியே கண்ணுக்குத் தெரியும். இதைத்தான் நான் அழகுங்கிறேன்.

இந்த மாதிரி வேலையை எடுத்து, பள்ளத்தை எல்லாம் கலர் பிசினால ரொப்பி, மேல ஒரு கண்ணாடிக் கவசமும் போட்டா என்ன ஆகும்? பள்ளம் கோணலா இருந்தாத் தெரியாது. உள்ள தேய்ச்சியா இல்லையான்னு தெரியாது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு தெரியாது. சுருக்கமாச் சொன்னா, எதை எல்லாம் பார்த்து ஒரு கத்தியை மதிப்பிடணுமோ, அது எல்லாம் மினுமினுப்புக்கு அடியில போயிடும்.

சரி, என் கத்தியைப் பிரிச்சப்போ என்ன இருந்துச்சு?

ஒண்ணு. பிடிக்குள்ள போற இரும்பு வாலை நான் வழவழன்னு பாலிஷ் போட்டிருந்தேன், பெருமைக்கு. எபாக்ஸிக்குப் பிடிச்சுக்கச் சொரசொரப்பு வேணும். 60, 80 நம்பர் உப்புத்தாளால கீறி, அசிட்டோன்ல எண்ணெய்ப் பசை போகத் துடைச்சிருக்கணும். நான் கீறவே இல்லை. பசை இரும்புல இருந்து அப்பளம் மாதிரி முழுசா உரிஞ்சு வந்திருந்துச்சு.

ரெண்டு. மரப்பட்டை சமமா உட்காரலை. ஒரு ஓரத்துல கிட்டத்தட்ட ஒரு மி.மீ. இடைவெளி. அதை அராவிச் சரிபண்ண சோம்பேறித்தனப்பட்டு பசையால ரொப்பியிருந்தேன். கிரீஸும் அரப்பொடியும்!

மூணு. இதைச் சொல்லத்தான் வெட்கமா இருக்கு. பிடியில அழகா ரெண்டு பித்தளைப் பின் தெரிஞ்சுதே? ரெண்டும் பொய். மூணு மி.மீ. ஆழத்துக்கு ஓட்டை போட்டு, துண்டை நட்டு ஒட்டினது. வாலைத் துளைச்சு அந்தப் பக்கம் போகவே இல்லை. ஏன்னா துளை நேரா வரலை, மறைச்சுட்டேன்.

நாலு. உள்ள முழுக்கத் துரு. இஎன்-31 பேரிங் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் கிடையாது. அம்மா மீன் வெட்டினா கத்தியை வெந்நீர்ல போட்டு வைப்பாங்க, எல்லா வீட்டுலயும் செய்றதுதான். அறைச் சூட்டுல இறுகுற சாதாரண எபாக்ஸி பெரும்பாலும் 50, 60 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே இளக ஆரம்பிச்சுடும். இந்த விஷயம் எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

இப்ப சொல்லுங்க, தப்பு எபாக்ஸி மேலயா? எபாக்ஸி பாவம். நல்லாக் கீறின இரும்பு, ஊடுருவிப் போற பின், மெதுவா இறுகுற ரகம், அளவா அழுத்தின கிளாம்ப், இதெல்லாம் இருந்தா அது அருமையான பசை. ரொம்ப அழுத்தினாலும் தப்பு, பசை பூரா வெளிய பிதுங்கி உள்ள வெறும் இரும்பும் மரமும் நிக்கும். என் சண்டை பசையோட இல்லை. பசையை மேக்கப்பா, பட்டி பார்க்கற மசாலாவா பயன்படுத்துற என்னை மாதிரி ஆளுங்களோடதான்.

வரப்போற வாதங்களுக்கு முன்கூட்டியே பதில்:

“பூச்சு போட்டாத் தண்ணி உள்ள போகாதே?” போகும். மரம் காத்துல இருக்கிற ஈரத்துக்குத் தகுந்த மாதிரி நாருக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். இரும்பு அப்படி அசையாது. ரெண்டும் சேர்ற கோட்டுக்கு மேல இறுகின ஒரு தோலைப் போட்டா, ஒரு நாள் அந்தக் கோட்டுலயே முடி மாதிரி விரிசல் விடும். தண்ணிக்கு அது போதும். உள்ள போறது சுலபம், திரும்பி வர்றது கஷ்டம், ஏன்னா மத்த வழியெல்லாம் நாமதான் அடைச்சு வச்சிருக்கோமே. எண்ணெய் தேய்ச்ச மரத்துல ஈரம் வந்தா காஞ்சும் போகும். தவிர, கண்ணாடிப் பூச்சு ஈரக் கையில வழுக்கும். சமையலறையில காஞ்ச கையோட யாருங்க இருக்காங்க?

“பள்ளத்தைத் திறந்து விட்டா அழுக்கு சேருமே, அதனாலதான் ரொப்பறோம்.” இது நியாயமான கேள்வி. பதிலும் நியாயமா இருக்கணும். மரப்பட்டைக்கு அடியில போற பள்ளத்துல கண்டிப்பா அழுக்கு சேரும். அப்ப சமையல் கத்தியில அந்த இடத்துல வேலைப்பாடே பண்ணாதீங்க. முதுகோட திறந்த பக்கத்துல மட்டும் பண்ணுங்க, பிரஷ்ஷால ஒரு தேய் தேய்ச்சாப் போயிடும். ஒரு அலங்காரம் நிக்கிறதுக்கே மசாலா வேணும்னா, அது தப்பான இடத்துல இருக்குன்னு அர்த்தம். காட்சிக்கு வைக்கிற கத்தின்னா ரொப்பிக்கோங்க, ஆனா ரொப்பினதைச் சொல்லுங்க.

“மைகார்ட்டா, ஜி-10 எல்லாமே பிசின்தானேய்யா?” ஆமா. துணியையோ கண்ணாடி இழையையோ பிசின்ல ஊற வச்சு, அழுத்தி, சூடு பண்ணி அடுக்கின பலகை அது. ஈரத்துக்கும் பெரிசா அசைஞ்சு கொடுக்காது. அது பிடி செய்யற பொருள். நான் திட்டறது இடுக்குல ஊத்துற பொருளை. கான்கிரீட்டுக்கும் விரிசல் மேல பூசின சுண்ணாம்புக்கும் உள்ள வித்தியாசம்தான்.

“வாங்கறவங்க மினுமினுப்புதான் கேட்கறாங்க.” இதை நாம ஆபீஸ்ல தினமும் கேட்கறோமே! கிளையன்ட்டுக்கு டெமோ நல்லா இருந்தாப் போதும்னு எரரைப் பிடிச்சு ஒண்ணுமே பண்ணாம முழுங்கிடற கோடு எழுதுவோம். ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது, எல்லாம் பச்சை. என்னிக்காவது ராத்திரி ரெண்டு மணிக்கு மொத்தமா விழும். வாங்கறவங்களுக்குப் பிடிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. தெரியாததுனாலதான் அவங்க கேட்கறதை மட்டும் கொடுத்துட்டுத் தப்பிக்க முடியாது.

கைவேலைக் கத்தி அமர்க்களமா நடக்கிற அமெரிக்காவுலயே பாருங்க. அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டின்னு 1976-ல ஆரம்பிச்ச சங்கம். அதுல ‘ஜர்னிமேன் ஸ்மித்’னு பேர் வாங்கணும்னா, முதல்ல அழகை யாரும் பார்க்கறதில்லை. தொங்கற ஒரு இன்ச் கயித்தை ஒரே வீச்சுல வெட்டணும். கட்டுமானத்துக்குப் போடற ரெண்டுக்கு நாலு மரக்கட்டையை ரெண்டு தடவை வெட்டித் துண்டாக்கணும். அதுக்கப்புறமும் கையில இருக்கிற ரோமத்தைச் சிரைக்கிற கூர் இருக்கணும். கடைசியா அந்த பிளேடை வைஸ்ல மாட்டி 90 டிகிரி வளைப்பாங்க, உடையக்கூடாது. இத்தனையும் தாண்டினப்புறம்தான் அஞ்சு கத்தியைக் கொண்டுபோய் மேஜையில வைக்கலாம், மாஸ்டர்கள் அதோட நறுவிசைப் பார்ப்பாங்க. முதல்ல கத்தி, அப்புறம்தான் அலங்காரம். நாம தலைகீழாப் பழகிட்டோம். படம் எடுக்க நல்லா இருக்கா, முடிஞ்சுது கதை.

ஜப்பான் சமையல் கத்தியைப் பாருங்க. நீட்டு வாலைச் சூடாக்கி ஹோங்கிற மெதுவான மரத்துக்குள்ள எரிச்சு இறக்கிடுவாங்க. மரம் தேஞ்சா தட்டிக் கழட்டிட்டு வேற பிடி. நம்ம ஊர் அருவாளும் அதே ஜாதிதான்: மரத்துக்குள்ள இறக்கின காம்பு, பிளக்காம இருக்க வாயில ஒரு பூண். ரெண்டுலயும் ஒரு நினைப்பு இருக்கு. பிடி ஒரு நாள் போகும், அன்னிக்கு இன்னொருத்தர் வந்து மாத்துவார். அவருக்கு வழி விட்டு வைக்கணும். எல்லாத்தையும் பிசினுக்குள்ள புதைக்கிறவனுக்கு அந்த நினைப்பு கிடையாது. எனக்கு இருக்கலை.

இன்னொண்ணும் சொல்லிடறேன். எபாக்ஸியோட பிசின், ஹார்டனர் ரெண்டும் தோலுக்கு ஒவ்வாமை கொடுக்கக்கூடியது. ஒரு தடவை உடம்பு அதுக்கு எதிரியாயிட்டா ஆயுசுக்கும் எதிரிதான். நைட்ரைல் கையுறை போடுங்க. சரியா இறுகாத எபாக்ஸியைத் தேய்ச்சு அந்தத் தூசியை மூக்கால இழுக்காதீங்க. வெறுங்கையால குழைச்சு வீரம் காட்டுற வீடியோவுக்கு எல்லாம் ‘சூப்பர் தலைவா’ போடறதையும் நிறுத்துங்க.

சரி, திட்டினது போதும். கத்தி பண்ற மக்கள்கிட்ட ஒரே ஒரு கோரிக்கை. முடிஞ்ச கத்தியோட படத்தைப் போடும்போது, கூடவே இன்னொரு படமும் போடுங்க. ஒட்டறதுக்கு முன்னாடி, பசை எதுவும் இல்லாம, மரப்பட்டையை இரும்பு வால் மேல வச்சு பின்னை மட்டும் சொருகி, டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்ச படம். வெளிச்சம் தெரியுதா இல்லையா, அவ்வளவுதான். தெரிஞ்சா ஒண்ணும் குடி முழுகாது. போய் அராவுங்க. படம் மட்டும் பார்க்கிற மக்களுக்கும் ஒரு கோரிக்கை: மினுமினுப்பைப் பாராட்டாதீங்க, இடுக்கைப் பத்திக் கேளுங்க. பொங்கலப்போ யாராவது ஒருத்தர் “பின் அந்தப் பக்கம் வருதா?”ன்னு கேட்டிருந்தா நான் திருதிருன்னு முழிச்சிருப்பேன். அம்மா விரல் தப்பிச்சிருக்கும்.

நானே ஆரம்பிக்கறேன். அதே பிளேடுதான், துரு எல்லாம் எடுத்தாச்சு. வாலைச் சுத்திப் போட்டிருந்த பள்ளத்தை அராவி எடுத்துட்டேன், கொடி இப்ப முதுகுல மட்டும் ஓடுது. ஏழாவது இலை கோணல், நல்லாவே தெரியுது, இருக்கட்டும். வால் கொஞ்சம் மெலிஞ்சதால பிடியும் மெலிசு, அம்மா கைக்கு அதுவே வாகா இருக்கு. பட்டையை நாலு தடவை வெளிச்சத்துல பார்த்து அஞ்சாவது தடவைதான் ஒட்டினேன். மூணு பித்தளைப் பின்னும் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்து, ரெண்டு தலையும் தட்டி விரிச்சாச்சு. மேல ஆளி விதை எண்ணெய் மட்டும். படத்துல மங்கலாத்தான் இருக்கும், சொல்லிட்டேன்.

அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. முன்ன மாதிரி “அழகா இருக்குடா”ன்னு சொல்லலை. பட்டையில நகத்தை வச்சு நெம்பிப் பார்த்தாங்க. அசையலை. ஒண்ணும் பேசாம உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. சேனைக்கிழங்குக்கு இன்னமும் அருவாமனைதான். வெங்காயத்துக்கு இது. போகப்போகப் பார்க்கலாம்.

டிஸ்கி 1: பழைய கத்தியோட பிடியைப் பிரிச்ச படம், பொய்ப் பின் உட்பட, அடுத்த பதிவுல. கும்முறவங்க அங்க வந்து கும்மலாம்.

டிஸ்கி 2: வெந்நீர்ல போடாதேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். “அப்ப மீன் கவிச்சிக்கு நீயே வந்து கழுவு”ன்னுட்டாங்க. கழுவிக்கிட்டு இருக்கேன்.